வியட்நாமுக்குத் தனியாக: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்குத் தனியாகப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "பயமில்லையா?" என்றுதான். வியட்நாமைப் பொறுத்தவரை அந்தப் பயம் பெரிதாகத் தேவையில்லை. ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாடு அது. தனிப் பயணத்தில் ஆளைப் படுத்துவது சில்லறை விஷயங்கள். கூட ஒருவர் வந்தால், நாம் டிக்கெட் வாங்கும்போது அவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார். நோட்டை இன்னொரு தடவை எண்ணுவார். "என்ன முகமே சரியில்லை, காய்ச்சலா?" என்பார். அந்த ஆள் இல்லாதபோது இந்த வேலைகளை யார் செய்வது என்பதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். கீழே இருப்பது அந்த ஏற்பாடுகள்தான், கிளம்புவதில் தொடங்கி வரிசைப்படி.

மாதமும் பாதையும்

வியட்நாம் வடக்கு தெற்காக நீண்ட நாடு, ஒரே நாளில் மூன்று பருவம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஹனோயில் ஸ்வெட்டர் வேண்டும், சூரியனே தெரியாத மந்தமான தூறல் நாட்களும் உண்டு. அதே நேரத்தில் தெற்கே சைகோனில் (இப்போதைய பெயர் ஹோ சி மின் நகரம்) நம் சித்திரை வெயில். நடுவில் இருக்கும் ஹுவே, ஹோய் ஆன் பகுதியில் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும்; ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகு ஓடும். முதல் முறை போகிறவருக்கு மார்ச், ஏப்ரல் தோதான மாதங்கள். அவர்களுடைய புத்தாண்டான 'தெத்' ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடைகள் பூட்டியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது, ஊரே குடும்பத்தோடு இருக்கும்போது நீங்கள் மட்டும் தனியாக இருப்பீர்கள். அது ரொம்பக் கனமான வாரம்.

இரண்டு வாரம் இருந்தால் ஹனோய், நின் பின், ஹுவே, ஹோய் ஆன், கடைசியில் சைகோன் என்று வடக்கிலிருந்து தெற்கே இறங்குங்கள். எட்டு நாள்தான் லீவு என்றால் சைகோனை வெட்டிவிட்டு, ஹோய் ஆனுக்குப் பக்கத்திலிருக்கும் டா நாங்கிலிருந்தே திரும்பலாம். ஒரு ஊரில் ஒரே ராத்திரி என்று திட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் வழி கேட்பது, அறை தேடுவது, பெட்டி தூக்குவது எல்லாம் உங்கள் ஒருவர் தலையில்தான் விழும். சீக்கிரமே அலுத்துவிடும்.

முகவரி விஷயத்தில் ஒன்று. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் 63 மாநில அளவிலான பிரிவுகளை 34 ஆகச் சுருக்கிவிட்டார்கள், மாவட்டம் என்ற அடுக்கே போய்விட்டது. ஹோய் ஆன் இப்போது டா நாங் மாநகரத்துக்குள் வருகிறது. விடுதிச் சீட்டில் ஒரு முகவரியும் வரைபடத்தில் வேறு முகவரியும் இருந்தால் பதற வேண்டாம். தெருப் பெயரும் கதவு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

விசா

இந்தியர்களுக்கு ஈ-விசா போதும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். நிராகரித்தாலும் பணம் திரும்ப வராது. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.விஎன்' (gov.vn) என்று முடியும். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பவற்றில் பல ஏஜென்சிகள், அரசுத் தளம் மாதிரியே உடுத்திக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு வாங்கும்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு, அது பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதல்லவா, அதில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் ஒரு எழுத்தும் விடாமல் நிரப்புங்கள். இனிஷியல் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். விமான டிக்கெட்டிலும் அதே பெயர். விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் சென்னையில் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், பேசுவதற்குக் கூட ஆளும் இருக்காது.

மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்னாடியே போட்டுவிடுங்கள். விசாவில் குறித்திருக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட உள்ளே விட மாட்டார்கள். நடுராத்திரி இறங்கும் விமானமாக இருந்தால் தேதி மாறுவதைக் கவனியுங்கள். இரண்டு பிரிண்ட் எடுத்து வெவ்வேறு பையில் வையுங்கள்.

வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

நம் வங்கி அட்டைகள் வெளிநாட்டில் இயல்பாக வேலை செய்யாது. வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும், ஏடிஎம்முக்குத் தனி, கடைக்குத் தனி. இதைவிட முக்கியம் ஓடிபி. அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுவிட்டு நம் சிம்மைக் கழற்றி வைத்தால் ஓடிபி எங்கே வரும்? இரண்டு சிம் போடும் போனாக இருக்கட்டும், இந்திய எண்ணில் ரோமிங் திறந்திருக்கட்டும். ஏர்போர்ட்டுக்குப் போன பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது.

இரண்டு அட்டை, வெவ்வேறு வங்கியுடையது. ஒன்று பர்ஸில், ஒன்று பெட்டியின் அடியில். அவசரத்துக்குக் கொஞ்சம் டாலர், கிழியாத, கிறுக்காத நோட்டாக. மடிப்பு விழுந்த நோட்டை மாற்ற மறுப்பார்கள். நம் இரண்டு முள் சார்ஜர்கள் அங்கே நன்றாகப் பொருந்தும், மூன்று உருண்டை முள் பொருந்தாது.

வீட்டில் ஒருவரிடம் பாஸ்போர்ட், விசா, விடுதி, ரயில் விவரங்களின் நகலைக் கொடுத்துவிடுங்கள். அவரோடு ஒரு நேரமும் பேசி வையுங்கள். வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ராத்திரி ஒன்பதுக்குச் 'சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பினால் இங்கே ஏழரை. மறுநாள் காலைக்குள் அந்த வரி வராவிட்டால் விடுதிக்குப் போன் போடச் சொல்லுங்கள். அம்மாவைவிட இதற்குத் தம்பியோ நண்பரோ பொருத்தம். அம்மா பத்து நிமிடம் தாமதமானாலே தூதரகத்தைக் கூப்பிட்டுவிடுவார்.

முதல் ராத்திரி

முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் அறையை இங்கிருந்தே பதிவு செய்யுங்கள். ஹனோயில் ஹோவான் கியெம் ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். விலை சற்றுக் கூடினாலும் ராத்திரியில் தனியாகத் திரும்பி நடக்கும்போது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

விமானம் பகலில் இறங்கினால் நோய் பாய் விமான நிலையத்திலிருந்து 86ஆம் எண் பேருந்து நகரத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறது. ராத்திரி என்றால் யோசிக்கவே வேண்டாம், விடுதியிடமே கார் அனுப்பச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையோடு ஒருவர் நிற்பார். தூக்கக் கலக்கத்தில் தெரியாத ஊரில் பேரம் பேசுவது இரண்டு பேர் வேலை. மற்ற நேரங்களில் போனிலேயே வண்டி கூப்பிடும் கிராப் ஆப் அல்லது சான் எஸ்எம் என்ற மின்சார டாக்ஸி. தொகை முன்னாலேயே தெரிந்துவிடும், ஓட்டுநரிடம் ரொக்கமாகவும் கொடுக்கலாம். ஏறும் முன் வண்டி எண்ணைப் பாருங்கள். "நான்தான் கிராப்" என்று போனை ஆட்டிக்கொண்டு வருகிறவர் அநேகமாகக் கிராப் இல்லை.

விடுதியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். போலீஸில் பதிவு செய்வது அங்கே சட்டம். பதிந்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

டாங் கணக்கு

வியட்நாமின் பணம் டாங். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். விலையில் கடைசி இரண்டு சுழியத்தைத் தள்ளி மூன்றால் வகுத்தால் ரூபாய் வந்துவிடும். 60,000 டாங் நூடுல்ஸ் 200 ரூபாய். கடைக்காரர்கள் ஆயிரத்தை விழுங்கிவிட்டு 'அறுபது' என்றுதான் சொல்வார்கள்.

20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம். விளக்கு மங்கலான தெருக்கடையில் 65 ரூபாய்க்குப் பதிலாக 1,650 ரூபாய் கை மாறுவது இப்படித்தான். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் முகமே இருப்பதால் படத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது. 500,000 நோட்டுகளை மட்டும் எடுத்துப் பர்ஸில் வைக்காமல் வேறு உறையில் வைத்துவிடுங்கள். தினமும் காலையில் அன்றைய செலவுக்கு ஒன்றை எடுத்து, விடுதியிலோ பெரிய கடையிலோ சில்லறையாக்கிக்கொள்ளலாம். எண்ணிப் பார்க்க ஆள் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு 20 முதல் 50 லட்சம் டாங் வரைதான் பொதுவாக வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. 'ரூபாயிலேயே கழிக்கட்டுமா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்தான்.

ரயில்

தனியாகப் போகிறவருக்கு வியட்நாமில் என் முதல் சிபாரிசு ரயில். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், முழுப் பாதையும் 1936இல் இணைந்தது. 1954இல் நாடு இரண்டானபோது அறுந்து, போர் முடிந்த பின் 1976 கடைசியில் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இன்னும் மீட்டர் கேஜ்தான். நம் ஊரில் பிராட் கேஜ் வருமுன் தூத்துக்குடி, செங்கோட்டை பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் பழகியதாக இருக்கும்.

எஸ்இ என்று தொடங்கும் வண்டிகளில் ஒற்றைப்படை எண்கள் தெற்கே போகும், இரட்டைப்படை வடக்கே வரும். நான்கு பேர் படுக்கும் மெத்தைப் பெட்டி, ஆறு பேர் படுக்கும் சாதாப் பெட்டி என்று இரண்டு வகை. ஆறு பேர் பெட்டியின் மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்காரவே முடியாது. நான்கு பேர் பெட்டியில் கீழ்ப் படுக்கை எடுங்கள். காசு கொஞ்சம் கூட, ஆனால் பையை உங்கள் படுக்கைக்கு அடியில் தள்ளி அதன் மேலேயே படுத்துக்கொள்ளலாம். கழிவறைக்குப் போகும்போது பணமும் பாஸ்போர்ட்டும் இருக்கும் சின்னப் பை மட்டும் உங்களோடு வரட்டும்.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு ஒரு ராத்திரி, 688 கிலோமீட்டர். நான் போனபோது எதிர்ப் படுக்கையில் ஒரு பாட்டியும் பேரனும். பாட்டி ஏறியதும் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்தார். ஒரு பெரிய பம்பளிமாஸை மடியில் வைத்து, தோலை ஒரே வளையமாகச் சீவி, வெள்ளைச் சவ்வை நகத்தால் உரித்து, சுளையை உப்பு மிளகாய்த் தூளில் தொட்டு என் கையில் வைத்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. ஒரு மணி நேரம் பழம் தின்றோம். விடிந்ததும் அவர் பேரனைப் பல் தேய்க்க வைத்துக்கொண்டிருந்தபோது, என் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் சைகை காட்டினேன், அவர் தலையாட்டினார். தனிப் பயணத்தில் துணை இப்படியும் அமையும். ஆனால் இதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. மறுநாள் உங்கள் எதிரில் போனை அலற விட்டுக்கொண்டு ஒருவர் வரலாம்.

ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர்க் குழாய் இருக்கும். கப் நூடுல்ஸோ, ஊரிலிருந்து கொண்டுவந்த ரெடிமேட் உப்புமாவோ இருந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆச்சு.

ஹுவேயிலிருந்து டா நாங் போவதைப் பகலில் வையுங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டி வண்டி மெதுவாக ஊர்ந்து போகும், தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும்.

படுக்கைப் பேருந்து ரயிலைவிட மலிவு. ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பையில் போடச் சொல்வார்கள். கால் நீட்டும் பெட்டி ஐந்தரை அடி ஆளுக்குத்தான் சரி. அதிகாலை மூன்றரைக்கு ஊருக்கு வெளியே இறக்கிவிடும் பேருந்துகளும் உண்டு. சேரும் நேரத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சாய்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம். கடைப் பலகையில் அது இருந்தால் பௌத்த சைவக் கடை, மீன் சாறுகூடச் சேராது. மற்ற கடைகளில் கறி போடாமல் கொடுத்தாலும் குழம்பில் மீன் சாறு இருக்கும், அதை அவர்கள் அசைவமாக நினைப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலரும் சைவம் சாப்பிடுவார்கள், அன்றைக்குக் கடைகள் கூடுதலாக முளைக்கும். ஹுவே இதற்குப் பேர்போன ஊர். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் 'போ' என்ற நூடுல்ஸ் சூப்பில் எந்தக் கறி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மாடு, இல்லாவிட்டால் கோழி.

தனி ஆளுக்கு ஒரு சங்கடம். கூட்டமாக உட்கார்ந்து கொதிக்கும் சட்டியில் போட்டுச் சாப்பிடும் கடைகளில் ஒருவருக்கு என்று தனியாகத் தர மாட்டார்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். நூடுல்ஸ் கடை, பான் மி ரொட்டிக் கடை, சோற்றுக் கடை மூன்றும் ஒற்றை ஆள் கடைகள். முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் எல்லாரும் தனித்தனியாகக் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நின் பின்னில் படகுக்கும் இதே கதை. டிராங் ஆனில் ஒரு படகுக்கு நான்கு பேர் ஏற்றுவார்கள். தனி ஆள் வரிசையில் நின்று மற்றவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும், அல்லது முழுப் படகுக்கும் பணம் கட்ட வேண்டும். காலையில் கூட்டம் இருக்கும்போதே போனால் சீக்கிரம் சேர்த்துவிடுவார்கள். ஹா லாங் விரிகுடாவில் ராத்திரி தங்கும் கப்பல்களில் அறைக்குத்தான் விலை, ஒருவர் போனாலும் இருவர் கட்டணத்துக்குப் பக்கத்தில் வரும். முதல் பயணத்தில் அதைப் பகல் நேரப் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

சாலையும் சாமர்த்தியசாலிகளும்

சாலையைக் கடக்க மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரே வேகத்தில் நடந்து போங்கள், அவர்கள் சுற்றிப் போவார்கள். நடுவில் ஓடுவதும் பின்வாங்குவதும்தான் ஆபத்து. பேருந்து, கார் வந்தால் மட்டும் நின்றுவிடுங்கள்.

பைக் வாடகைக்கு எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நம் லைசென்ஸை வைத்து அங்கே ஓட்டினால் விபத்துக்குப் பணம் தருவீர்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பின்சீட்டுதான். 2025 ஜனவரியிலிருந்து அங்கே போக்குவரத்து அபராதங்களும் கடுமையாகிவிட்டன. பைக்குக்குப் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்கும் கடைக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஹனோயில் கூடை சுமக்கும் பெண் உங்கள் தோளில் காவடியை வைத்துப் படம் எடுக்கச் சொல்வார், பிறகு பழம் வாங்கித்தான் தீர வேண்டும். ஒருவர் குனிந்து உங்கள் ஷூவில் பசை தடவ ஆரம்பிப்பார். சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவதுதான் இதற்கெல்லாம் மருந்து. சைகோனில் மட்டும் உண்மையாகவே கவனம் தேவை. நடைபாதை ஓரத்தில் நின்று போனில் வழி பார்த்தால் பைக்கில் வருகிறவர் பறித்துக்கொண்டு போய்விடுவார். வழி பார்க்க ஒரு கடைக்குள் ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட், வரைபடம், ஓடிபி எல்லாம் அந்த ஒரு போனில்தானே இருக்கிறது.

தனிமை பிடிக்கும் மாலைகள்

முதல் மூன்று நாள் காலில் இறக்கை கட்டின மாதிரி இருக்கும். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த நேரத்தில் எழுந்திருக்கலாம், ஏரிக்கரை பெஞ்சில் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தாலும் கேட்க ஆள் கிடையாது. நாலாம் நாள் ஐந்தாம் நாள் சாயங்காலம் திடீரென்று எல்லாம் சப்பென்று ஆகும். நல்ல காட்சியைப் பார்த்துவிட்டு "பாத்தியா?" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. இது அநேகமாக எல்லாருக்கும் வருகிறது. அன்றைக்கே டிக்கெட்டை மாற்ற உட்காராதீர்கள்.

இதற்கு நான் கண்ட வழி, மூன்று நாளைக்கு ஒரு முறை கூட்டத்தோடு செய்யும் ஒரு வேலையை முன்கூட்டியே பதிந்து வைப்பது. ஹனோயில் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலம் பழக வேண்டும் என்பதற்காகவே இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ஹோய் ஆனில் அரை நாள் சமையல் வகுப்பு. அங்கிருந்தே மீ சோனுக்குக் காலை வேனில் போய் வரலாம். காட்டுக்கு நடுவே அந்தக் கால சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள், 1969இல் அமெரிக்கக் குண்டில் பாதி நொறுங்கியவை. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் ஒரே கல்லில் ஆன லிங்கம் ஒன்று கிடைத்தது. சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ்ப் பேச்சை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள், ஊதுபத்தி புகையும், பூக்கூடை நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது.

பெண்கள் தனியாகப் போவதைப் பற்றி: பெண்களுக்கு மட்டுமான படுக்கை அறைகள் ஹாஸ்டல்களில் கிடைக்கின்றன. "கல்யாணம் ஆச்சா, எத்தனை வயசு" என்று பாட்டிமார் நேராகவே கேட்பார்கள். நம் ஊரில் பழகிய கேள்விதான், கோபப்பட ஒன்றுமில்லை. நாளைய திட்டத்தையும் விடுதிப் பெயரையும் புதிதாகப் பழகியவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு படுத்தினால்

வயிறு ஒரு நாளாவது முறைத்துக்கொள்ளும். ஓஆர்எஸ் பொட்டலம், பாராசிட்டமால், வழக்கமான மருந்துகளை மருந்துச் சீட்டோடு எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். உடம்பு லேசாகக் காய்ந்தாலும் காலையில் விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லி, மதியம் ஒரு தடவை கதவைத் தட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அவர்கள் கஞ்சியே வாங்கி வந்து கொடுப்பார்கள். ஆம்புலன்ஸுக்கு 115, போலீஸுக்கு 113. ஹனோயில் இந்தியத் தூதரகமும் சைகோனில் துணைத் தூதரகமும் உண்டு, எண்களை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் போனால் அந்த எண்ணும் போய்விடக் கூடாது.

கடைசி நாள்

மிச்சமிருக்கும் டாங்கை இந்தியாவில் மாற்றுவது பெரும்பாடு. விடுதிப் பாக்கியில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மீதியை அட்டையிலும் கட்டிப் பையைக் காலி செய்யுங்கள். அப்புறம் காப்பித் தூள். எல்லாரும் நாலு பாக்கெட் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோ, வாசலிலேயே நிறுத்தி எடை போடுவார்கள். குடும்பமாகப் போனால் இவர் பையிலிருந்து அவர் பைக்கு மாற்றிச் சமாளிக்கலாம். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை, அதனால் விடுதித் தராசில் முதல் நாள் ராத்திரியே நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.